கடைசி பெஞ்சும் பதில் சொல்லட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "எதற்காக வாங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் "பிள்ளையின் படிப்புக்காக" என்றுதான் சொல்வார்கள். "ஸ்கூலில் எல்லாமே கம்ப்யூட்டரில்தான் நடக்கிறதாம், வீட்டிலும் ஒன்று இருக்கட்டுமே" என்பார்கள். இந்த இதழின் வாசகர்களில் பலரும் அப்படி வாங்கியவர்கள்தான் என்று நினைக்கிறேன். அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் அந்தக் கம்ப்யூட்டர் என்னதான் செய்கிறது என்று இந்த மாதம் பேசலாம்.

திருச்சியில் கோடை விடுமுறை தொடங்கியதும் தெருவுக்குத் தெரு பள்ளி விளம்பரத் தட்டிகள் முளைத்துவிடும். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து தில்லைநகர் போய்ச் சேருவதற்குள் "ஸ்மார்ட் கிளாஸ்", "டிஜிட்டல் போர்டு", "ஏ.ஐ. லேப்" என்ற வார்த்தைகளைப் பல முறை படித்துவிடலாம். ஸ்ரீரங்கமும் இதற்கு விலக்கில்லை. பெற்றோரும் அதைப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். கட்டணத்தில் அதற்கென்று ஒரு தொகை இருந்தாலும் கேள்வி கேட்பதில்லை.

நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன். கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. ஆனால் பள்ளியில் சேர்க்கப் போகும் பெற்றோர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. "போர்டு எத்தனை அங்குலம்?" என்பதல்ல அந்தக் கேள்வி. "கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளை ஒரு பீரியடில் எத்தனை முறை பதில் சொல்கிறது?" என்பதுதான். பெரும்பாலான வகுப்புகளில் இதற்கு விடை பூஜ்யம். திரை வந்த பிறகும் பூஜ்யமாகவே இருந்தால், நாம் காசு கொடுத்தது ஒரு பெரிய டிவிக்குத்தான்.

கை தூக்கும் நான்கு பேர்

வகுப்பு எப்படி நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் பாடம் நடத்துகிறார். "புரிஞ்சுதா?" என்கிறார். "புரிஞ்சுது சார்" என்று கோரஸாகப் பதில் வருகிறது. ஒரு கேள்வி கேட்கிறார். வழக்கமான நான்கு கைகள் மேலே போகின்றன. நால்வரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிட, பாடம் அடுத்த பக்கத்துக்கு நகர்கிறது. மீதி முப்பத்தாறு பேருக்குப் புரிந்ததா என்பது காலாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரியும். அதற்குள் அந்தப் பாடத்தின் மேல் இன்னும் நான்கு பாடங்கள் கட்டப்பட்டிருக்கும்.

எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. புரோகிராம் எழுதிய அன்றே பிழையைக் கண்டுபிடித்தால் ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால் ஒரு குழுவே இரவு பகலாக உட்கார வேண்டும். பிழை என்னவோ ஒன்றுதான். அது தெரிய வந்த நாளைப் பொறுத்து விலை ஏறிவிடுகிறது.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வைப்பது எப்படி? இதற்கு நம்மிடம் பழைய கருவி ஒன்று இருந்தது. சிலேட்டு. ஆசிரியர் கணக்கைச் சொல்வார், எல்லோரும் எழுதிக் கவிழ்த்து வைப்போம், "தூக்கிக் காட்டு" என்றதும் மொத்த வகுப்பும் சிலேட்டைத் தூக்கும். ஒரே பார்வையில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று ஆசிரியர் பார்த்துவிடுவார். பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதவும் நேரமில்லை, பயந்து ஒதுங்கவும் வழியில்லை.

அதற்கும் முன்னால் மணல் இருந்தது. சென்னை எழும்பூரில் ராணுவச் சிறுவர்களுக்கான அனாதை விடுதிப் பள்ளியை 1789 முதல் மேற்பார்வை செய்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மூர்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையும், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் தன் பள்ளியில் கொண்டு வந்தார். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்துவிட்டது. கரும்பலகைக்கு முன்னால் ஒருவர் மட்டும் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதுதான் நம் பழைய கல்வி முறை என்று சொல்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம்.

மேல் வகுப்புக்குப் போனதும் சிலேட்டு போய்விட்டது. அந்த இடம் காலியாகவே கிடந்தது. கம்ப்யூட்டர் நிரப்ப வேண்டியது அந்த இடத்தைத்தான் என்பது என் வாதம். நடந்ததோ வேறு. கரும்பலகையை எடுத்துவிட்டு அதே இடத்தில் திரையை வைத்தார்கள். 2000-களில் எடுகாம்ப் நிறுவனத்தின் 'ஸ்மார்ட் கிளாஸ்' நாடு முழுக்கத் தனியார் பள்ளிகளில் பரவியது. அழகான அனிமேஷன் படங்கள். இதயம் துடிக்கும், எரிமலை வெடிக்கும். அந்த நிறுவனம் 2017-ல் திவால் நடைமுறைக்குப் போனது வேறு கதை. படம் நன்றாக இருந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படம் பார்ப்பவரிடம் படம் எதுவும் கேட்பதில்லை.

ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரின் பெட்டி

இந்த இடத்தில் எழுத்தாளர் சுஜாதா ஞாபகத்துக்கு வருகிறார். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். கம்ப்யூட்டரைப் பற்றிச் சாதாரணத் தமிழ் வாசகனுக்கும் புரியும்படி எழுத முடியும் என்று காட்டியவர். இது போன்ற இதழ்கள் எல்லாமே அவருக்குக் கடன்பட்டவை. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்தபோது, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தை மேற்பார்வை செய்தவர் அவர்.

அந்த இயந்திரத்தில் உள்ள யோசனை மிக எளிமையானது. பொதுக்கூட்டத்தில் உரக்கக் கத்துபவர் குரல்தான் கேட்கும். வாக்குச் சாவடியில் கத்துபவருக்கும் ஒரு பொத்தான், வாயே திறக்காதவருக்கும் ஒரு பொத்தான். இரண்டுக்கும் எண்ணிக்கையில் ஒரே மதிப்பு. வகுப்பறைக்கும் தேவை இதுதான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. ஓட்டு யார் போட்டார் என்பது யாருக்குமே தெரியக்கூடாது. வகுப்பில் யார் என்ன பதில் சொன்னார் என்பது ஆசிரியருக்குத் தெரிய வேண்டும், பக்கத்து பெஞ்சுக்குத் தெரியக்கூடாது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-ல் ஏறக்குறைய இதைத்தான் செய்தார். அவரது விரிவுரைகளை மாணவர்கள் பாராட்டினார்கள், தேர்விலும் மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் அடிப்படையான ஒரு கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் தடுமாறினார்கள். அதனால் அவர் விரிவுரையை நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தேர்வு செய்ய வேண்டும். மிகச் சிலரே சரியாகச் சொன்னால் பாடத்தை மறுபடி நடத்துவார். எல்லோருக்குமே தெரிந்திருந்தால் அடுத்ததற்குப் போவார். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், "பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் விடைக்குக் காரணம் சொல்லுங்கள்" என்று சில நிமிடம் விட்டுவிட்டு மறுபடியும் விடை கேட்பார். ஆரம்பத்தில் அட்டைகளைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பொத்தான் வைத்த கருவி பிறகுதான் வந்தது. ஆண்ட்ரூ பெல் பார்த்திருந்தால் "இதை நான் மெட்ராஸிலேயே பார்த்துவிட்டேனே" என்றிருப்பார்.

ஒரே ஒரு போன் போதும்

"ஹார்வர்டில் நடக்கும், நம்மூரில் ஆளுக்கொரு கருவிக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். இதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. பிளிக்கர்ஸ் என்ற சேவை. கலிபோர்னியாவில் ரிச்மண்ட் என்ற ஊரில் கணித ஆசிரியராக இருந்த நோலன் ஏமி உருவாக்கியது. இதில் மாணவரிடம் எந்த மின்சாதனமும் தேவையில்லை. ஆளுக்கு ஒரு காகித அட்டை. அதில் க்யூஆர் கோடு போலக் கறுப்புக் கட்டங்கள் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு வடிவம். அட்டையின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். விடை 'பி' என்று நினைக்கும் மாணவர் 'பி' மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் மீது இடமிருந்து வலமாக ஒரு முறை ஓட்டினால், எந்த எண் மாணவர் எந்த விடை என்று போனில் வந்துவிடும். அட்டைகள் ஒன்றுபோல் இல்லாததால் பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்பினாலும் பயனில்லை.

எனக்குச் சித்தி முறையாகும் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். நான் வேலை பார்ப்பது சென்னையில். ஊருக்குப் போயிருந்தபோது அவருக்கு இதை நிறுவிக் கொடுத்தேன். உத்திர வீதி ஜெராக்ஸ் கடையில் இருபது தாளில் நாற்பது அட்டைகள் அச்சடித்தாயிற்று. ஒரு பக்கத்துக்கு இரண்டு அட்டை, நடுவில் வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைய கேள்வி இது: 0.4, 0.35 இரண்டில் எது பெரியது? தசம எண்கள் முந்தைய வாரமே நடத்தி முடித்த பாடம். "இதெல்லாம் இதுங்களுக்குத் தெரியும்டா, சும்மா அட்டை வேலை செய்யுதான்னு பார்க்கலாம்" என்றுதான் சித்தி ஆரம்பித்தார். போனில் விடைகள் வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் 0.35 என்று சொல்லியிருந்தார்கள். நான்கைவிட முப்பத்தைந்து பெரியது, அவ்வளவுதான் கணக்கு.

சித்தி சரியான விடையைச் சொல்லவில்லை. "பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ஏன்னு சொல்லுங்க" என்றார். மசூரைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. அந்த இரைச்சலில் ஜன்னல் ஓரத்துப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "ரூபாயில வச்சுப் பாருடா. இது நாப்பது பைசா, அது முப்பத்தஞ்சு பைசா." இரண்டாம் முறை அட்டை தூக்கியபோது தவறு சொன்னவர்கள் மூன்று பேர்தான். அந்த மூன்று பேர் யார் என்பதும் சித்திக்குத் தெரிந்தது. சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன் அவர்களை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். அதில் ஒரு பெண், அந்த வருடம் முழுக்க ஒருமுறைகூடக் கை தூக்காதவளாம்.

இதற்கு ஆன செலவு: ஜெராக்ஸ் காசு. தேவைப்பட்டது: சித்தியிடம் ஏற்கெனவே இருந்த ஆண்ட்ராய்டு போன், கொஞ்சம் இன்டர்நெட்.

இதே வேலைக்கு வேறு சாப்ட்வேர்களும் இருக்கின்றன. நார்வேயிலிருந்து வந்த கஹூட் 2013 முதல் உலகம் முழுக்கப் பிரபலம். பாட்டு, வண்ணம், மதிப்பெண் பட்டியல் என்று வகுப்பே திருவிழாவாகிவிடும். எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. வேகமாகப் பதில் சொன்னால் மதிப்பெண் அதிகம். முதல் சில பேரின் பெயர் திரையில் மின்னும். மெதுவாக யோசித்துச் சரியாகச் சொல்லும் பிள்ளை பட்டியலில் எங்கேயோ இருக்கும். மறுபடியும் அந்த நான்கு பேர்தான்! எப்போதாவது விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம். புரிந்ததா என்று தெரிந்துகொள்ள அது கருவியல்ல.

மெஷின் கொடுத்தால் போதுமா?

நம் மாநிலத்தில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 2011 மே மாதம் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதல்வரான ஜெயலலிதா, அதே ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 2018 முதல் வந்த புதிய பாடப் புத்தகங்களில் க்யூஆர் கோடுகள் இடம் பெற்றன. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. சுமார் 6,000 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹை-டெக் லேப் அமைக்கப்பட்டதும் அந்தக் காலகட்டத்தில்தான். 2023 ஜூலையில் மணற்கேணி செயலி வந்தது. 2024-ல் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் பணி ஆரம்பமானது. 2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது.

இவற்றை நான் குறை சொல்லவில்லை. சொந்தக் கம்ப்யூட்டர் என்பதையே நினைத்துப் பார்க்க முடியாத வீடுகளுக்குள் அது போய்ச் சேர்ந்தது பெரிய விஷயம். ஆனால் கொடுத்ததோடு கற்றல் நடந்துவிடுமா என்பதற்குப் பெரு நாடு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 'பிள்ளைக்கொரு லேப்டாப்' என்ற உலகத் திட்டத்தின் கீழ் அங்கே கிராமப்புறப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. கம்ப்யூட்டர் பயன்பாடு கூடியிருந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை.

இதற்கு நேர்மாறான முடிவு டெல்லியில் கிடைத்தது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் சாப்ட்வேரைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு பயன்படுத்திய மாணவர்களை 2015-16-ல் ஆராய்ந்தார்கள். 2019-ல் கட்டுரை வெளியானது. முதலில் அவர்கள் கண்டது அதிர்ச்சி தரும் விஷயம். ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. அதாவது ஆசிரியர் ஆறாம் வகுப்புக் கணக்கை எவ்வளவு அழகாக நடத்தினாலும், எவ்வளவு பெரிய திரையில் காட்டினாலும், அந்தப் பிள்ளைக்கு அது அந்நிய பாஷை. மைண்ட்ஸ்பார்க் என்ன செய்தது என்றால், பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் அதற்கு என்ன தெரியும் என்று சோதித்து, அங்கிருந்து ஆரம்பித்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதி நேரம் கம்ப்யூட்டர் என்றால், மீதிப் பாதி நேரம் ஓர் ஆள் சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

நம் தமிழ்நாட்டிலும் இதே எண்ணத்தில் ஒரு திட்டம் உண்டு. 2022 ஜூன் மாதம் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்'. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பார்த்து, அவரவர் நிலைக்கு ஏற்பப் பயிற்சி. பெயர் வைத்தவரைப் பாராட்ட வேண்டும். 'மக்கு' என்ற வார்த்தைக்கே இடம் இல்லை. ஆனால் மதிப்பீட்டை ஒவ்வொரு பிள்ளைக்கும் செயலியில் ஏற்றியாக வேண்டும் என்று வந்தபோது ஆசிரியர்கள் சலித்துக்கொண்டார்கள். நெட்வொர்க் இல்லாத ஊரில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை வைத்துக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தால் பாடம் எப்போது நடக்கும் என்பது நியாயமான கேள்வி. எமிஸ் பதிவேற்ற வேலையைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதும் இதைத்தான்.

கம்ப்யூட்டர் துறையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. தகவல் எங்கே போகிறது என்று பாருங்கள். சித்தியின் போனில் வந்த தகவல் அடுத்த இரண்டு நிமிடத்தில் அவருக்கே பயன்பட்டது. சென்னைக்குப் போய் அட்டவணையாகி, வரைபடமாகி, மூன்று மாதம் கழித்துக் கூட்டத்தில் காட்டப்படும் தகவல் அந்த மூன்று பிள்ளைகளுக்கு உதவாது. அரசுக்கும் புள்ளிவிவரம் தேவைதான். அதை மாதிரிக்குச் சில பள்ளிகளில் எடுத்தாலே போதும். எல்லா ஆசிரியரின் எல்லா வாரத்தையும் வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

எல்லோரும் என்றால் எல்லோரும்

அட்டையைப் பற்றி இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். பார்வையில்லாத பிள்ளைக்கு அது வெறும் காகிதம்தானே? திருச்சி புத்தூரில் பார்வைத் திறன் குறைந்த பெண் குழந்தைகளுக்கென்றே அரசுப் பள்ளி இருக்கிறது. அதே சமயம் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து சாதாரணப் பள்ளியில் படிக்கும் உரிமையை 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தருகிறது. அப்படிப்பட்ட பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், அட்டையின் பின்புறம் 'ஏ' பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடலாம். விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக்கொள்ளும். கேள்வியைத் திரையில் காட்டுவதோடு நிறுத்தாமல் வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். இதனால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கும் சேர்த்து உதவி.

வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்து, நீங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால், என்விடிஏ என்ற சாப்ட்வேரை அவசியம் நிறுவுங்கள். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும். முற்றிலும் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-ல் ஆரம்பித்தார். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். விலை கொடுத்து வாங்கும் படிப்பான்கள் கட்டுப்படியாகாத காலத்தில் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று எழுதினார்கள். இதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும். குரல் கொஞ்சம் ரோபோ மாதிரித்தான் இருக்கும், ஒரு வாரத்தில் காது பழகிவிடும். நிறுவிய பிறகு கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும்; நிறுத்த இன்சர்ட் விசையுடன் க்யூ.

கையால் எழுதச் சிரமப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விடை தெரியும், எழுதுவதற்குள் நேரம் போய்விடும். குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ் மெனுவில் குரல்வழித் தட்டச்சைத் தேர்வு செய்து, மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டுப் பேசச் சொல்லுங்கள். பேசியது எழுத்தாக வரும். அது எழுதிக் காட்டும் விடையைப் பார்த்த பிறகு "இவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

மொழியும் இதில் சேர்த்திதான். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், நீங்கள் சோதிப்பது அறிவியலையா ஆங்கிலத்தையா? கேள்வியை இரண்டு மொழியிலும் போடுவதற்குக் கூடுதலாக ஒரு நிமிடம்தான் ஆகும். விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. நேரம், மொழி தொடர்பான செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து, அதன் கீழே தமிழ் 99 என்பதைத் தேர்வு செய்தால் தட்டச்சு செய்யத் தயார்.

நீங்கள் செய்யக்கூடியது

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, ஸ்மார்ட் போர்டு கடைசியாக எந்த நாள் இயங்கியது என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு தனியார் பள்ளியில் அதன் மேல் துணி போர்த்தி, அதன் மேல் மாலை போட்டு வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்குப் போட்டதாம்; நான் போனது பொங்கல் கழித்து! அதோடு, வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் ஒரே நேரத்தில் விடை வாங்கும் வழக்கம் உண்டா, எதிலாவது, சிலேட்டிலாவது உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் பள்ளி நல்ல பள்ளி. அங்கே ஏ.ஐ. லேப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆசிரியரைக் குறுக்கு விசாரணை செய்வதற்காக இதை எழுதவில்லை. உதவி செய்யுங்கள். உங்களிடம் புதிய கம்ப்யூட்டர் இருக்கிறது, பிரிண்டரும் இருக்கலாம். நாற்பது பிள்ளைகளின் பட்டியலைத் தட்டச்சு செய்து தருவதும், கேள்விகளை ஏற்றித் தருவதும் உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை. ஆனால் பிள்ளைகளின் முழுப் பெயரையும் வெளிநாட்டு சர்வரில் ஏற்றாதீர்கள். வரிசை எண் போதும். எண்ணுக்கு உரியவர் யார் என்பது ஆசிரியரின் வருகைப் பதிவேட்டில் இருக்கட்டும்.

ஊரில் டியூஷன் எடுப்பவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பவர்கள் கூகுள் ஃபார்ம்ஸைப் பழகிக்கொள்ளலாம். செட்டிங்ஸில் அதைக் குவிஸ் ஆக மாற்றி, விடைகளைக் குறித்துவிட்டால் அதுவே திருத்திக்கொள்ளும். மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். ரெஸ்பான்சஸ் பக்கத்தில் அதிகம் பேர் தவறவிட்ட கேள்விகளைத் தனியாகக் காட்டும். மறுநாள் அதை மட்டும் எடுத்து நடத்தினால் போதும்.

பிளிக்கர்ஸ் அட்டை அச்சடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கொஞ்சம் கனமான தாளாகக் கேளுங்கள், கிழியாமல் வருடம் ஓடும். "லேமினேஷன் போட்டுத் தரட்டுமா?" என்று கடைக்காரர் கேட்பார். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் அது கண்ணாடி போல மின்னும், கேமராவுக்கு அட்டை தெரியாது. வெளிச்சத்தில் உட்காரும் ஜன்னல் ஓரத்துப் பிள்ளைகள்தான் முதலில் விட்டுப்போவார்கள்.